கொடுவா வளர்க்க வந்த தம்பிக்கு



கொடுவா மீன் குஞ்சுகளைக் குளத்தில் விடும் நாளில் எல்லோர் கண்ணும் செவுள்மேல்தான் இருக்கும். சிறுநீரகத்தை யாரும் நினைப்பதில்லை. முதுகெலும்புக்குக் கீழே கருஞ்சிவப்புப் பட்டையாக ஒட்டிக் கிடக்கும் அதை, மீன் கழுவுகிறவர்கள்கூட உறைந்த ரத்தம் என்று சுரண்டி எறிந்துவிடுவார்கள்.

குளத்துக்கு மருந்து வாங்கும்முன் அந்தப் பட்டையின் வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கொடுவாவின் ரத்தச் செறிவு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நன்னீரில் செவுள் வழியே தண்ணீர் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் உப்பை மீட்டுக்கொண்டு, நீர்த்த சிறுநீரை ஓயாமல் இறைக்கும். கடலில் நிலைமை தலைகீழ். உடம்பு நீரை இழப்பதால் மீன் கடல்நீரைக் குடித்தாக வேண்டும். சோடியத்தையும் குளோரைடையும் செவுள் வெளியேற்றும். மக்னீசியமும் சல்பேட்டும் சிறுநீரகத்தின் பொறுப்பு. நம்மைப்போல் ரத்தத்தைவிடச் செறிவான சிறுநீரை மீனால் உண்டாக்க முடியாது. எனவே சிறுநீரின் அளவைச் சுருக்கிக்கொள்கிறது.

எப்படிச் சுருக்குகிறது? வானவில் டிரௌட் மீனில் பார்த்திருக்கிறார்கள். நன்னீரில் கிளாமருலஸ் எனும் நுண்வடிகட்டிகளில் சுமார் 45 சதவீதம் இயங்கின. கடல்நீரில் சுமார் 5 சதவீதம்தான். கடல்குதிரைக்கோ அந்த வடிகட்டியே கிடையாது!

இதற்கெல்லாம் ஹார்மோனின் உத்தரவு வேண்டும். பிட்யூட்டரி சுரப்பியை நீக்கிய கில்லி மீன் நன்னீரில் இறந்துவிடும், புரோலாக்டின் ஹார்மோன் கொடுத்தால் பிழைக்கும் என்று கிரேஸ் பிக்ஃபோர்டு 1959இல் காட்டினார். கடல்நீருக்குப் பழகக் கார்டிசோல் ஹார்மோன் துணை. ஹார்மோன் சுரந்து திசுக்கள் மாற நாட்கள் ஆகும். கொடுவா கடலிலும் ஆற்றிலும் வாழும் மீன்தானே என்று, பொரிப்பகத்து உப்புநீரிலிருந்து நேராக நன்னீர்க் குளத்தில் கொட்டுவது அதனால்தான் தவறு. லாரிக்காரர் அவசரப்படுத்தினாலும், குஞ்சுகளைத் தொட்டியில் நிறுத்தி, உப்பைச் சில நாட்களில் படிப்படியாக இறக்கு. அலைக்கழிந்த மீன் நன்னீரில் உப்பை இழக்கும் என்பதால், நன்னீர்க் குஞ்சுகளை ஏற்றும் தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்புப் போடும் பழக்கத்துக்கும் காரணம் உண்டு.

உப்புநீர்க் குளமானால், ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கவனம் தேவை. மழைநீர் உப்புநீருக்குமேல் தனி அடுக்காக மிதக்கும். மழை விட்டதும் மேல்நீரை மட்டும் எடுத்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்து முடிவு கட்டாதே. அடிநீரையும் எடுத்து அளந்து, மேல்நீரை மதகு வழியே வடித்துவிடு.