முழுப்பந்தயத்தை ஏற்பது எப்போது?

போக்கர் என்னும் சீட்டாட்டம் திறமையின்பாற்பட்டதோ, வெறும் அதிருஷ்டத்தின்பாற்பட்டதோ என்னும் வினா நம் நாட்டு நீதிமன்றங்களில் பலகால் எழுந்ததுண்டு. 2023-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், தமிழ்நாட்டு அரசாங்கத்தாரின் இணையவழிச் சூதாட்டத் தடைச்சட்டத்தை முற்றிலும் தள்ளாது, ரம்மியையும் போக்கரையும் அதிருஷ்ட ஆட்டங்களென வகுத்த அட்டவணையைச் செல்லாதென்றது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடுவனவற்றைத் திறமை, அதிருஷ்டம் என்னும் வேறுபாடு பாராது ஒருங்கே விலக்கியது. ஆதலின் ஈண்டு நாம் எழுதப்புகுவது பொருளீட்டும் வழியன்று. அவ்வாட்டத்தில் திறமை எவ்விடத்தே உறைகின்றது என்பதைக் கணிதங்கொண்டு தேடுதலே நம் நோக்கம்.

ஆட்டத்தின் முறை எளிது. ஒவ்வொருவர்க்கும் இரு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் ஐந்து சீட்டுகள் நடுவே யாவருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இவ்வேழனுள் சிறந்த ஐந்தே ஒருவனது பலம். பொதுச்சீட்டுகள் திறக்குமுன்பே ஒருவன் தன் கையிருப்பு முழுவதையும் நடுவே தள்ளிவிடலாம். இதனையே முழுப்பந்தயம் என்கிறோம். மற்றவன் அதனை ஏற்கலாம். அன்றிச் சீட்டைக் கவிழ்த்து விலகலாம். தள்ளுகின்றவனுக்கு வெற்றி இருவழியால் வரும்: எதிராளி அஞ்சி விலகினும் ஆதாயம், ஏற்றபின் சீட்டு வென்றாலும் ஆதாயம். ஏற்பவனுக்கோ பின்னைய வழி ஒன்றே. ஆகவே, நாம் முந்தித் தள்ளுதற்குப் போதுமான சீட்டு, பிறர் தள்ளியதை ஏற்றற்குப் போதாமற் போவது வியப்பன்று.

இனிக் கணக்கிற்கு வருவோம். பணத்தை விலக்கி, நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் அடித்த அம்மன் காசுகளையே பந்தயக் காசாகக் கொள்வோம். ஒருபுறம் பிரகதாம்பாளின் உருவமும், மறுபுறம் தெலுங்கெழுத்தில் 'விஜய' என்னும் சொல்லும் பொறித்த அச்சிறு செப்புக்காசு இவ்வேலைக்கு மிகப் பொருத்தமானதே! நடுவே 300 காசு உளது. எதிராளி 900 காசைத் தள்ளுகிறான். நாம் ஏற்பின் 900 வைத்து 1200 வெல்ல முயல்கிறோம். ஏழு முறை ஏற்று மூன்றில் வென்றால் வரவு 3600. நான்கில் தோற்றால் செலவும் 3600. ஆகவே ஏழுக்கு மூன்று, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 43, என்பதே நமக்கு வேண்டிய குறைந்தபட்ச வாய்ப்பு.

நம் வாய்ப்பு யாது? நம்மிடம் எட்டின் இணை உளதெனக் கொள்க. எதிராளியிடம் அதனினும் உயர்ந்த இணை இருப்பின் நாம் வெல்வது நூற்றுக்குச் சுமார் 19. ஏஸும் ராஜாவும் போன்ற இணையாத இரு பெருஞ்சீட்டுகள் இருப்பின் சுமார் 55. அவனிடம் உள்ளது எது என்பது தெரியாது. ஆயினும் எண்ணிப் பார்க்கலாம். ஓர் இணை வருதற்கு 6 வழிகளும், வெவ்வேறான இரு சீட்டுகள் வருதற்கு 16 வழிகளும் உள. எதிராளி அடக்கமுள்ளவன், ஒன்பது முதல் ஏஸ் வரையுள்ள ஆறு இணைகளுக்கும், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ராஜா-ராணி ஆகிய மூன்றுக்குமே தள்ளுவான் என்போம். இணைகள் 36 வழி, ஏனையவை 48 வழி. இவற்றைச் சேர்த்துக் கணித்தால் நம் வாய்ப்பு 40-ஐ எட்டவில்லை, விலகுதலே தக்கது. அவன் ஏஸ்-ஜாக்கிக்கும் ஏஸ்-பத்துக்கும் கூடத் தள்ளும் துணிச்சல்காரனாயின் 48 என்பது 80 ஆகிறது. நம் வாய்ப்பும் 44 அளவிற்கு உயர்கிறது. இப்போது ஏற்றல் தகும். நம் சீட்டு மாறவில்லை. எதிராளியின் இயல்பு பற்றிய நம் மதிப்பே மாறிற்று. திறமை உறையும் இடம் இதுவே என்பது எம் கருத்து. அடிக்கடி தள்ளும் எதிராளிமேற் சினங்கொண்டு வீம்பிற்கு ஏற்பவன் இம்மதிப்பைச் செய்வதில்லை. தன் மானத்தையே எண்ணுகிறான்.

ஆனால் பரிசுப் போட்டியில் இக்கணக்கும் போதாது. மூவர் எஞ்சியுள்ளனர், ஒவ்வொருவரிடமும் 1000 காசு, பரிசுகள் முறையே 50, 30, 20 ரூபாய் என்க. நடுவே முன்வைத்த சிறு தொகையை எளிமைக்காக விட்டுவிடுவோம். இந்நிலையில் ஒவ்வொருவர் பங்கும் 33 ரூபாயும் மூன்றில் ஒன்றும். ஒருவன் தள்ள நாம் ஏற்றுத் தோற்றால், கிடைப்பது 20. நட்டம் 13 ரூபாயும் மூன்றில் ஒன்றும். வென்றால் நம்மிடம் 2000 காசு, மற்றவனிடம் 1000. முதற்பரிசுக்கு நம் வாய்ப்பு மூன்றில் இரண்டாதலின், நம் பங்கு 43 ரூபாயும் மூன்றில் ஒன்றும், ஆதாயம் பத்தே. காசு இரட்டித்தது, பங்கு இரட்டிக்கவில்லை! இங்கே கணக்கு நேராவதற்கு ஏழுக்கு நான்கு, அதாவது நூற்றுக்கு 57, வெல்லவேண்டும். எதிராளி தன் ஏஸையும் ராஜாவையும் திறந்து காட்டிவிட்டே தள்ளினும், நம் எட்டின் இணைக்கு வாய்ப்பு 55 ஆதலின், விலகுதலே முறை. புதிதாக ஆடவருவோர் இதனை எளிதில் நம்பார்.

முடியாத ஆட்டத்தின் பந்தயத்தைப் பங்கிடுவது எங்ஙனம் என்று 1654-இல் பாஸ்கலும் பெர்மாவும் கடிதவழி ஆராய்ந்ததே நிகழ்தகவுக் கணிதம் வளரக் காரணமாயிற்று. குதிரைப் பந்தயத்தில் இரண்டாம் மூன்றாம் இடங்களின் வாய்ப்பைக் கணிக்க ஹார்வில் என்பார் 1973-இல் வகுத்த முறையை, மால்முத் என்பார் 1987-இல் போக்கருக்குப் பொருத்தினார். நாம் மேலே செய்த பங்கீடு அம்முறையைத் தழுவியது.

எஞ்சிய மூவருள் ஒருவனிடம் மிகச் சில காசுகளே இருப்பின், அவன் விரைவில் வெளியேறுவான். ஆகையால் பெருங்கையிருப்புடையவனோடு நாம் மோதுதற்கு 57-க்கும் மேல் வேண்டும். அச்சிறியவனே தள்ளினால், தோற்றாலும் நாம் வெளியேறோம். முதற்கூறிய எளிய கணக்கிற்கு அணித்தாகவே ஏற்கலாம். இருவரே எஞ்சியபின்போ, முப்பது ரூபாய் இருவர்க்கும் உறுதி. போட்டி மிகுந்த இருபதுக்கே. அப்போது காசின் அளவும் பங்கின் அளவும் ஒத்து நடக்குமாதலின், ஏழுக்கு மூன்று என்ற முதற்கணக்கே மீண்டும் செல்லும்.