தொள்ளாயிரம் மிதி தூரத்தில் குற்றாலம்



போன சாரல் சீசனில் நாங்கள் நாற்பது பேர் தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் பக்கத்தில் இருந்து குற்றாலம் பேரருவி வரை சைக்கிள் பேரணி போனோம். ஒரே கலர் டி-ஷர்ட், ஹேண்டில்பாரில் குட்டிக் கொடி, "பசுமை காப்போம்"னு கோஷம். போய்ச் சேர்ந்ததும் ஆளுக்கு ஒரு பேப்பர் கப் டீ, ஒரு தண்ணி பாக்கெட். குரூப் போட்டோ எடுத்துட்டுத் திரும்பினா, துப்புரவுப் பணி பார்க்கிற ஒரு அக்கா கையில் சாக்கோட நிக்காங்க.

"நல்ல காரியந்தான் தம்பி. நீங்க போன பொறவு இதை யாரு அள்ளுவா?"

கோபமாச் சொல்லலை, சாதாரணமாத்தான் கேட்டாங்க. நாங்களே குனிஞ்சு எல்லாத்தையும் பொறுக்கிக் கொடுத்தோம். ரூமுக்கு வந்து தேடிப் பார்த்தப்போ இன்னொரு விஷயம் தெரிஞ்சது. பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப், தண்ணி பாக்கெட், பிளாஸ்டிக் கொடி, இந்த மூணுமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கு. சுற்றுச்சூழல் பேரணியை முழுக்க முழுக்கத் தடை செய்த பொருளை வச்சே நடத்தியிருக்கோம்!

உங்க காலேஜிலும் இந்த மாதிரி ஒரு பேரணிக்குத் திட்டம் இருக்கலாம். அதுக்கு முன்னாடி இந்தப் பாடத்தைக் கொஞ்சம் படிச்சிடுங்க.

முதல்ல கணக்கு

நாமதான் இன்ஜினியரிங் ஆச்சே, கணக்கில் இருந்தே ஆரம்பிப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 0.74 கிலோ. அதில் ஏறக்குறைய 87 சதவீதம் கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றில் இருந்து ரெண்டு ஆக்சிஜன் அணுவைச் சேர்த்துக்குது. அதனாலதான் ஒரு லிட்டர் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வருது. முக்கால் கிலோ பெட்ரோல் எப்படி ரெண்டே கால் கிலோ புகை ஆகுதுன்னு யாராவது கேட்டா, இதுதான் பதில்.

தென்காசியில் இருந்து குற்றாலம் சுமார் 5 கி.மீ. போக வர 10. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் ஸ்கூட்டரில் போனா சுமார் அரை கிலோ கார்பன் டை ஆக்சைடு. நாற்பது பேர் ஒருநாள் சைக்கிளில் போனதால் மிச்சமானது 20 கிலோ. அதுவும், சைக்கிள் இல்லாட்டி நாற்பது பேரும் தனித்தனி ஸ்கூட்டரில் போயிருப்போம்னு வச்சுக்கிட்டாத்தான். பேனரும் சாப்பாடும் ஏத்திக்கிட்டு எங்க பின்னாலேயே வந்த லோடு வண்டியை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

இப்போ இன்னொரு கணக்கு. ஒரே ஒரு ஆள் வருஷத்தில் 220 நாள், தினமும் 10 கி.மீ., ஸ்கூட்டருக்குப் பதிலா சைக்கிளில் போறார். 2,200 கி.மீ., சுமார் 49 லிட்டர், 112 கிலோ. அதாவது எங்க பேரணியைப் போல அஞ்சு பேரணி நடத்தினாலும் அந்த ஒரு ஆளுக்கு ஈடாகாது. லிட்டர் நூறு ரூபாய்னு வச்சா, அவர் பையில் மிச்சம் கிட்டத்தட்ட 4,900 ரூபாய்.

அப்போ பேரணியே வேஸ்ட்டா? அப்படியும் சொல்ல முடியாது. அதுக்கு நாம புதுக்கோட்டைக்குப் போகணும்.

புதுக்கோட்டை சொல்லிக் கொடுத்தது

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவு இயக்கம்தான். அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் அதில் ஒரு பகுதியாச் சேர்த்தார். காரணம் ரொம்ப எளிமை. பாடம் நடத்தப் போகும் பெண் தொண்டர்களும் சரி, படிக்க வரும் பெண்களும் சரி, பஸ்ஸுக்கோ வீட்டு ஆண்களுக்கோ காத்திருக்க வேண்டியிருந்தது. சைக்கிள் வந்ததும் அந்தக் காத்திருப்பு போச்சு.

ஊர் ஊரா பயிற்சி நடந்தது. சைக்கிள் வாங்க வங்கிக் கடன் ஏற்பாடானது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினாங்க. முன்னாடி இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்தையே வலம் வந்தாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கார். பொது இடத்தில் நடந்த சைக்கிள் போட்டிகளில் 70,000-க்கும் அதிகமான பெண்கள் கலந்துக்கிட்டதா அவர் சொல்றார்.

இங்கே வரிசையைக் கவனிங்க. முதலில் ஒரு நிஜமான தேவை. பிறகு பயிற்சி. பிறகு கடன், சைக்கிள். பேரணி வந்தது அதுக்கு அப்புறம். அன்னிக்கு ஊர்வலம் போனவங்க மறுநாள் காலையில் அதே சைக்கிளில் தண்ணிக் குடத்தைக் கட்டிக்கிட்டு வேலைக்குக் கிளம்பினாங்க. எங்க பேரணியில் ஓடின சைக்கிளில் பாதி, மறுநாளே வாடகைக் கடைக்குத் திரும்பிப் போயிடுச்சு. வித்தியாசம் அங்கேதான்.

ஏன் குற்றாலம் போகும்போது மூச்சு வாங்குது?

நிறைய பேர் ஒருநாள் ஓட்டிட்டு விட்டுடறதுக்கு ஒரு காரணம், உடம்பு வலி. அதையும் கொஞ்சம் புரிஞ்சுக்குவோம்.

சாதாரண 28 இன்ச் சைக்கிளில் முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல்லுன்னு வச்சுக்கோங்க. பெடலை ஒரு சுற்று சுற்றினா சக்கரம் 2.44 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். ஆக ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர். குற்றாலம் வரை ஏறக்குறைய 920 மிதி. கேட்கும்போது சுலபமாத்தான் இருக்கு.

ஆனா சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியா மேற்குக் காற்று புகுந்து வரும். குற்றாலம் போகும்போது அது நம்ம முகத்தில் அடிக்கும். நீங்க மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போறீங்க, எதிர்க்காற்றும் 15 கி.மீ. வேகம்னா, உங்க உடம்பு சந்திக்கும் காற்றின் வேகம் 30. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும். அதனால் தடை ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருத்தருக்குக் காற்றைத் தள்ள மட்டும் 24 வாட் போதும்னு இருந்தது, 96 வாட் ஆகிடும். நம்ம ஸ்டாமினாவைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. வேகத்தைக் குறைங்க, உடம்பை முன்னாடி சாய்ங்க, ஒருத்தர் பின்னால் ஒருத்தரா இடைவெளி விட்டுப் போங்க. டயரில் காற்று சரியா இருக்கட்டும். திரும்பி வரும்போது அதே காற்று உங்களைத் தள்ளிக் கொண்டுவந்து தென்காசியில் விடும்.

அருவியில் போட்டது எங்கே போகுது?

பேரருவித் தண்ணி சிற்றாறா ஓடி, தென்காசி வழியாப் போய், சீவலப்பேரிகிட்ட தாமிரபரணியில் கலக்குது. தாமிரபரணி திருநெல்வேலி, தூத்துக்குடி மக்களின் குடிதண்ணி. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாதுன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டும், பாறை இடுக்கில் ஷாம்பு பாக்கெட் கிடக்கத்தான் செய்யுது. ஒரு ரூபாய் பாக்கெட்டைக் கிழிச்சுப் போடுறவருக்கு அது ஒரு நொடி வேலை. அது ஆற்றோடு எத்தனை ஊரைத் தாண்டிப் போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, என்ன செய்யலாம்?

1. பேரணிக்கு முன்னாடி கேள்வி கேளுங்க. உங்க வகுப்பில் 5 கி.மீ.க்குள் இருந்து ஸ்கூட்டரில் வர்றவங்க எத்தனை பேர்? ஏன் சைக்கிள் வேண்டாம்னு சொல்றாங்க? வெயிலா, லாரி பயமா, நிறுத்த நிழல் இல்லையா? பதிலை எழுதி வைங்க.

2. பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள் பல வீட்டில் பஞ்சராகிச் சும்மா நிக்குது. மாசம் ஒரு சனிக்கிழமை ஹாஸ்டல் வாசலில் பஞ்சர் ஒட்டுங்க, பிரேக் கட்டை மாத்துங்க. மெக்கானிக்கல் டிபார்ட்மெண்டுக்கு இதைவிட நல்ல லேப் கிடையாது.

3. ஓட்டத் தெரியாதவங்களுக்குக் கற்றுக்கொடுங்க. பெரியவங்களானபிறகு கற்றுக்க வெட்கப்படுறவங்க நிறைய பேர் இருக்காங்க. கிண்டல் பண்ற ஆளை மைதானத்துக்குள் விடாதீங்க.

4. அருவிக்குப் போனா எவர்சில்வர் டம்ளரும் மஞ்சப்பையும் கொண்டு போங்க. சுத்தம் பண்ணும் வேலையைத் துப்புரவுப் பணியாளர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. எந்த இடத்தில் அதிகம் சேருதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

5. பேரணி கடைசியில். தினமும் சைக்கிள் ஓட்டுற பத்துப் பேர் சேர்ந்த பிறகு போங்க. அது பத்துப் பேர் பேரணியாவே இருக்கட்டும்.

நாங்க நாற்பது பேரில் இன்னிக்கும் தினமும் சைக்கிளில் வர்றது ஆறு பேர். சொல்லிக்கிறதுக்குப் பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனா மேல போட்ட கணக்குப்படி, அந்த ஆறு பேர் ஒரு வருஷத்தில் மிச்சம் பண்றது முப்பது பேரணிக்கும் மேல. இந்த சாரலுக்கு மறுபடியும் பேரருவிக்குப் போறோம், டம்ளரோட. அந்த அக்கா அங்கே இருந்தா அவங்களுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுக்கணும்.

நீங்களும் வாங்க. காற்று எதிர்த்தா மெதுவா வாங்க.