கதவு ஏன் திறக்கவில்லை?

ஆல்போர்க் நகரத்துக்குப் போனால் ஸ்பிரிங்கரனைப் பாருங்கள். 1964இல் டென்மார்க் கடற்படையில் சேர்ந்த நீர்மூழ்கிக் கப்பல் அது. இப்போது அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உள்ளே போகலாம். தலை இடிபடும், கவனம்!

உள்ளே நிற்கும்போது உங்களுக்கு ஒரு கேள்வி வரும். "இது கடலுக்கடியிலை பழுதாய்ப் போனால் எப்படி வெளியிலை வாறது?"

"கதவைத் திறந்து நீந்த வேண்டியதுதானே!" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். 10 மீற்றர் ஆழத்தில் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஒரு கிலோ அளவுக்கு அழுத்தும். மூடி 50 சென்ரிமீற்றர் நீளமும் 50 சென்ரிமீற்றர் அகலமும் என்றால், அதன் மேல் 2500 கிலோ! ஒரு யானை ஏறி நிற்கிற மாதிரி. நீங்கள் கீழே இருந்து தள்ளுவீர்களா?

1851ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி மூன்று பேர் இப்படி மாட்டிக்கொண்டார்கள். இடம் கீல் துறைமுகம். இன்று அது ஜெர்மனியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தப் பகுதிக்கு டென்மார்க் மன்னரே தலைவர். ஆனால் அங்குள்ளவர்கள் அவரை எதிர்த்துப் போரிட்டார்கள். டென்மார்க் போர்க்கப்பல்கள் கடலை மறித்து நின்றன. அவற்றைத் தாக்கவே வில்ஹெல்ம் பவுவர் ஒரு சின்ன நீர்மூழ்கியைச் செய்தார். நீளம் எட்டு மீற்றர்தான். எஞ்சின் இல்லை, காலால் மிதித்து ஓட்ட வேண்டும்!

சோதனை ஓட்டத்தில் அது அடியில் போய் விழுந்தது. மூடி அசையவில்லை. பவுவர் சொன்ன வழியைக் கேட்டு மற்ற இருவரும் பயந்துவிட்டார்கள். "தண்ணியை உள்ளே விடுவோம்!"

விசர்க் கதை மாதிரி இருக்கிறதா? இல்லை. தண்ணீர் உள்ளே ஏற ஏற, உள்ளே இருந்த காற்று நெருக்கப்பட்டது. உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் சமமானதும் யானை இறங்கிவிட்டது! ஆனால் அதற்குப் பல மணி நேரம், இருட்டில், குளிர்ந்த தண்ணீரில் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் மூடி திறந்தது. வெளியே பாய்ந்த காற்றோடு மூவரும் மேலே வந்து உயிர் தப்பினார்கள்.

இன்று நீர்மூழ்கிகளில் வேலை செய்வோர் உயரமான தண்ணீர்த் தொட்டிகளில் தப்பிப் பழகுகிறார்கள். மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது, ஊதிக்கொண்டே வர வேண்டும். ஏனென்றால் மேலே வர வர நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பெருக்கும். சின்ன நீர்மூழ்கிகள் பலவற்றில் பாரமான இரும்பு கட்டியிருக்கும். ஆபத்து வந்தால் உள்ளே இருந்தபடியே அதைக் கழற்றிவிடலாம். பாரம் போனதும் கப்பல் தானாக மேலே வரும்.

எழுதுங்கள்: பவுவரோடு நீங்கள் இருந்திருந்தால், "தண்ணியை விடுவோம்" என்றபோது என்ன சொல்லியிருப்பீர்கள்? மூன்று வசனங்கள் எழுதுங்கள்.