ஒரு சோறு பதமாகுமா?

நுழையும்முன்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. சமூகத்தை ஆராய்வோருக்கும் இது பொருந்துமா? மலையூர் ஒன்றின் வழியே மாதிரி எடுக்கும் முறைகளை அறிவோம்.

ஊரும் மாதிரியும்

ஒரே உலையில் வெந்ததால் ஒரு சோறு பானை முழுமைக்கும் சான்றாகிறது. ஊரோ அத்தகையதன்று. நீலகிரி மாவட்டம் குந்தா வட்டத்திலுள்ள பிக்கட்டிப் பேரூராட்சியை எடுத்துக்கொள்வோம். சிறு தேயிலைத் தோட்டம் உடையோர், கூலிக்குக் கொழுந்து பறிப்போர், கடை நடத்துவோர் எனப் பலரும் வாழும் ஊர் அது. பிழைப்புக்காக வெளியூர் சென்றோரைக் கொண்ட குடும்பங்கள் அங்கு எத்தனை என அறிய ஒரு மாணவர் குழு விரும்புகிறது. ஊரின் குடும்பங்கள் அனைத்தும் முழுமைத்தொகுதி. அவற்றுள் ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவன மாதிரி.

தேர்ந்தெடுக்கும் முறைகள்

ஊரில் 600 வீடுகள் இருப்பதாகவும் அவற்றுள் 60 வீடுகளை ஆராய்வதாகவும் கொள்வோம்.

எல்லா வீடுகளின் எண்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பது எளிய சமவாய்ப்பு முறை. முதல் பத்தில் ஒன்றைக் குலுக்கலில் எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பத்தாவது வீட்டையும் எடுப்பது முறைசார் மாதிரி. தோட்டம் உடையோர் 300, தொழிலாளர் 240, பிறர் 60 எனப் பிரித்து, முறையே 30, 24, 6 வீடுகளைக் குலுக்கி எடுப்பது அடுக்கு மாதிரி. 'ஹட்டி' என வழங்கும் சிற்றூர்களுள் சிலவற்றைக் குலுக்கித் தேர்ந்து, அவற்றின் எல்லா வீடுகளுக்கும் செல்வது கொத்து மாதிரி.

பேருந்து நிறுத்தத்தில் காண்போரிடம் மட்டும் வினவுவது வசதி மாதிரி. அங்கு வராதோர்க்கு அதில் இடமில்லை.

பூட்டிய கதவு

தேர்ந்தெடுத்த வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டைத் தட்டலாமா? கூடாது. அவ்வீட்டார் கொழுந்து பறிக்கச் சென்றிருக்கலாம். ஊரைவிட்டே சென்றிருக்கவும் கூடும். நாம் தேடும் விடை அப்பூட்டிலேயே இருக்கலாம். எனவே, மாலையில் மீண்டும் செல்ல வேண்டும். அப்போதும் பூட்டியிருந்தால் அதனைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும்.

மாதிரி பெரிதாக இருப்பது மட்டும் போதாது. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் கருத்தைப் பெற்றும், ரூஸ்வெல்ட் தோற்பார் எனத் தவறாகக் கணித்தது. தொலைபேசியும் மகிழுந்தும் வைத்திருந்தோரின் பட்டியல்களையே அது பெரிதும் நம்பியிருந்தது. விடை அனுப்பாதோரும் மிகப் பலர்.

மக்கள்தொகை சிறிதாயின் மாதிரியே தேவைப்படாது. 1901–02இல் நீலகிரியில் ஆய்வு செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், ஏறத்தாழ 800 பேரைக் கொண்டிருந்த தோடர் சமூகத்தின் குடும்பக் கொடிவழிகளை ஏறக்குறைய முழுமையாகவே தொகுத்தார்.

திட்டங்கள் கணக்கெடுப்பை நம்பித் தீட்டப்படுகின்றன. மாதிரியில் விடுபட்டோர் திட்டத்திலும் விடுபடுவர். ஆகவே, மாதிரி எடுத்தல் கணிதம் மட்டுமன்று, அது நீதியுமாகும்.

தெரியுமா?

இந்தியாவில் மாதிரி ஆய்வுக்கு வழிவகுத்தவர் பி. சி. மகலனோபிஸ். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். அவரது முயற்சியால் 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. அவர் பிறந்த சூன் 29 தேசியப் புள்ளியியல் நாளாகும்.

கற்பவை கற்றபின்

உம் தெருவில் அடுக்கு மாதிரி முறையில் பத்து வீடுகளைத் தேர்ந்தெடுக்க. எவ்வீட்டார் விடுபட வாய்ப்புண்டு? காரணத்துடன் வகுப்பில் கலந்துரையாடுக.