குழல் திறந்தே இருக்கட்டும்: ட்ராப் ரேஞ்சில் வேலைக்குச் சேருவோருக்கு

பறக்கும் தட்டைச் சுடும் விளையாட்டு ட்ராப். அதன் ரேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே யாரும் துப்பாக்கியை எடுத்துக் கையில் தந்துவிட மாட்டார்கள். பெரும்பாலும் பள்ளத்தில்தான் வேலை தொடங்கும். சுடுபவர்கள் நிற்கும் இடத்துக்கு 15 மீட்டர் முன்னால், தரைமட்டத்துக்குக் கீழே, ஒரு கூரைக்கு அடியில் 15 எறி இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். ஒலிம்பிக் ட்ராப்பின் அமைப்பு இது. தட்டு நிரப்புவது, கோணத்தைச் சரிபார்ப்பது, சிக்கிய தட்டை எடுப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. ஆக, ஆறு துப்பாக்கிகளுக்கு முன்னால் வேலை பார்க்கும் ஆள் நீங்கள். இந்த விளையாட்டின் பாதுகாப்பு விதிகளை அங்கே நின்று பார்த்தால்தான் சரியாகப் புரியும்.

பள்ளத்தில் இறங்குவதற்கு முன் ரெஃப்ரியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் எல்லாத் துப்பாக்கிகளையும் திறக்கச் சொல்வார். திறந்திருப்பதை உங்கள் கண்ணாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கொடியை நட்டுவிட்டு இறங்குங்கள். ஏறி வந்த பிறகு நீங்களே அதை எடுங்கள், இன்னொருவரிடம் அந்த வேலையை விடாதீர்கள். இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தியதோடு விட்டுவிடவும் கூடாது. தட்டை வீசும் கை ஸ்பிரிங்கில் இழுபட்டு நிற்கும். 105 கிராம் தட்டை 76 மீட்டர் தூரம் வீசும் விசை அது, எலும்பை உடைக்கப் போதும். விசையை விடுவித்துவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும். இயந்திரத்திலேயே தட்டு நொறுங்கிச் சில்லு தெறிக்கும் என்பதால் பள்ளத்திலும் கண்ணாடி வேண்டும்.

ட்ராப்பில் பயன்படுவது பெரும்பாலும் 12 போர் அளவுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி. மேலும் கீழுமாக இரண்டு குழல், நடுவில் மடங்கும். மடித்துத் திறந்துவிட்டால் அது சுடாது, திறந்திருப்பது தொலைவில் நிற்பவருக்கும் தெரியும். இந்த விளையாட்டின் மரியாதை முழுவதும் இதை வைத்துத்தான் இருக்கிறது. "காலிதாங்க" என்று வாயால் சொல்வதை இங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். திறந்து காட்ட வேண்டும். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அணித் தங்கம் வென்றவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டவர். அவருக்கும் நேற்று வந்த பையனுக்கும் இந்த விதி ஒன்றுதான். மூடிய துப்பாக்கியோடு யார் நடந்து வந்தாலும், "சார், திறந்துக்குங்க" என்று சொல்லும் உரிமை கடைநிலை ஊழியருக்கும் உண்டு. சொல்லத் தயங்குபவர் இந்த வேலைக்கு வரவேண்டாம்.

ஒரு சுற்றைப் பாருங்கள். ஐந்து நிலைகளில் ஐந்து பேர், ஆறாமவர் முதல் நிலைக்குப் பின்னால். ஆளுக்கு 25 தட்டு. இடப்பக்கத்துக்காரர் சுட்டு முடிக்கும்வரை அடுத்தவர் துப்பாக்கியை மூடாமல் வைத்திருப்பார். தன் முறை வந்ததும் மூடி, தோளில் வைத்து, குரல் கொடுப்பார். அந்தக் குரலை மைக் கேட்டுத் தட்டை விடும். அதனால்தான் பின்னால் யாரும் பேசக் கூடாது. வேறு சத்தத்துக்கும் தட்டு பறந்துவிடலாம். சுட்டதும் துப்பாக்கியைத் திறக்கும்போது காலித் தோட்டா எகிறி வரும். பழகியவர் அது பக்கத்திலிருப்பவர்மேல் விழாதபடி உள்ளங்கையை அணைகொடுத்துப் பிடித்துக்கொள்வார். பழக்கம் உள்ளவரா இல்லையா என்பது அந்த ஒரு அசைவிலேயே தெரிந்துவிடும். ஐந்தாம் நிலையில் சுட்டவர் மற்றவர்களின் முதுகுப் பக்கமாக நடந்து முதல் நிலைக்குப் பின்னால் திரும்புவார். அப்போது குழல் திறந்தும் காலியாகவும் இருக்க வேண்டும்.

இனி, நீங்கள் காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய ஒரு சத்தம். 'டமார்' என்று வரவேண்டிய இடத்தில் 'பொத்' என்று வந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். மருந்து சரியாக எரியாமல், தோட்டாவின் உள்ளடைப்பு குழலிலேயே தங்கியிருக்கலாம். அடுத்த தோட்டா அதன்மேல் வெடித்தால் குழல் பிளக்கும். விசையை இழுத்தும் சத்தமே வரவில்லையா? அவசரப்பட்டுத் திறக்க விடாதீர்கள். குழல் களத்தை நோக்கியே இருக்கட்டும், சுடுபவர் ரெஃப்ரியை அழைத்துக் காத்திருக்கட்டும். மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்வதும் உண்டு.

12 போரைவிடச் சிறிய 20 போர் தோட்டாவின் ஓடு வழக்கமாக மஞ்சளாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தவறிப்போய் 12 போர் குழலில் விழுந்தால் அது உள்ளே நழுவிச் சிக்கிக்கொள்ளும், ஆனால் தோட்டா அறை காலியாகவே தெரியும். பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 12 போர் மேசையில் ஒரு மஞ்சள் தோட்டா கிடந்தாலும் எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

ரெஃப்ரியாக உயர நினைப்பவர்கள் இப்போதே கண்ணைப் பழக்குங்கள். தட்டிலிருந்து ஒரு துண்டாவது உடைந்து பிரிவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் புள்ளி. தூள் மட்டும் பறந்தால் புள்ளி இல்லை. களத்தில் விழுந்த தட்டை எடுத்துத் துளையைக் காட்டி வாதாடவும் விதி இடம் தராது. தீர்ப்பில் உடன்பாடு இல்லாதவர் அப்போதே கையை உயர்த்தித் தெரிவிக்க வேண்டும், ரெஃப்ரி முடிவைச் சொன்னதும் ஆட்டம் தொடர வேண்டும். சுற்று முடிந்து டீக்கடையில் புலம்பிப் பயனில்லை. கிளப் போட்டிகளில் தொடங்கி, மாநிலச் சங்கம், தேசிய ரைஃபிள் சங்கம் நடத்தும் நடுவர் பயிற்சி என்று படிப்படியாக ஏறலாம்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. 12 போர் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒருமுறை போன கேட்கும் திறன் திரும்பி வராது. நாள் முழுக்க அங்கேயே நிற்பவர் நீங்கள் என்பதால், வந்து 25 தட்டு சுட்டுவிட்டுப் போகிறவரைவிட உங்களுக்குத்தான் காதடைப்பு அதிகம் தேவை.

சாப்பாட்டுக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குண்டு ஈயம், புகையிலும் ஈயம் இருக்கும். மாலையில் வேலை உடுப்பை ரேஞ்சிலேயே மாற்றிவிட்டு, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவையுங்கள். உடுப்பில் ஒட்டிய ஈயத் தூள் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு அதிகக் கேடு. வாசலில் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையை உடை மாற்றிய பிறகு தூக்கிக்கொள்ளுங்கள்.