கல்லையும் படிக்கலாம்
(நிலவியல் பட்டப்படிப்பு: ஓர் அறிமுகம்)

முன்னுரை

பத்தாம் வகுப்பு மாணவியர் எங்கு சென்றாலும் எங்களைத் துரத்தி வரும் கேள்வி ஒன்று உண்டு. "அடுத்த வருடம் எந்த குரூப் எடுக்கப் போகிறாய்?" என்பதே அது. ஊரிலிருந்து வரும் அத்தை கேட்கிறார். பக்கத்து வீட்டு மாமா கேட்கிறார். கோவில் வாசலில் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். நாங்கள் சொல்லும் விடைகளோ பெரும்பாலும் மூன்றுதான்: டாக்டர், இன்ஜினியர், டீச்சர். இம்மூன்றும் உயர்ந்த பணிகளே, அதில் ஐயமில்லை. ஆயினும் நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் மண்ணையும் கல்லையும் பற்றிப் படிப்பதற்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதனைப் பற்றி நாங்கள் தேடித் தொகுத்த செய்திகளை இங்கே தருகிறோம். தோழியர் மட்டுமன்றிப் பெற்றோரும் இதனைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

பெயரில் ஒரு குழப்பம்

பள்ளியில் நாம் சமூக அறிவியலில் படிக்கும் புவியியல் என்பது ஜியாகிரபி. நாம் இங்கே கூற வந்தது ஜியாலஜி. இதனை நிலவியல் என்றும், புவியமைப்பியல் என்றும் கூறுவர். ஆனால் தமிழக அரசின் "புவியியல் மற்றும் சுரங்கத் துறை" என்னும் பெயரில் புவியியல் என்ற சொல்லே ஜியாலஜியைக் குறிக்கிறது! எனவே கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போது பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், எந்தப் பாடம் என்று கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. ஜியாகிரபி, மலை எங்கே இருக்கிறது, மக்கள் அங்கே எவ்வாறு வாழ்கிறார்கள் என்று கேட்கும். ஜியாலஜி, அந்த மலை எதனால் ஆனது, எப்போது தோன்றியது, அதனடியில் என்ன இருக்கிறது என்று கேட்கும்.

மூன்று ஆண்டுகளில் என்ன கற்கலாம்?

நிலவியலில் பி.எஸ்ஸி. மூன்றாண்டுப் படிப்பு. தொடக்கத்தில் பூமியின் அமைப்பு, எரிமலை, ஆறு, காற்று, கடல் ஆகியவை நிலத்தை மாற்றும் விதம், படிகங்கள், கனிமங்கள் ஆகியவற்றைக் கற்பர். பின்னர் தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்னும் மூவகைப் பாறைகளையும், புதைபடிவங்களையும், பாறை அடுக்குகளின் வரிசையையும் கற்பர். நிறைவாகப் பாறைகளின் மடிப்பு, பிளவு, தாதுக்கள், நிலத்தடி நீர், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்தல் முதலியன வரும். வேதியியல், இயற்பியல், கணிதம் போன்றவை துணைப்பாடங்களாக அமையும்.

செய்முறை வகுப்புகள் மிகவும் சுவையானவை. கனிமத்தின் கடினத்தை அளக்க 1812ஆம் ஆண்டில் மோஸ் என்பவர் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. அதில் முதலிடம் டால்க், பத்தாமிடம் வைரம். நம் நகத்தின் கடினம் சுமார் இரண்டரை. பாட்டி வைத்திருக்கும் கல்சட்டி மாக்கல்லால் ஆனது. மாக்கல்லில் டால்க் மிகுதி. அதனால்தான் அதனை எளிதாகக் குடைந்து சட்டியாக்க முடிகிறது. வயலோரம் கிடக்கும் வெங்கச்சங்கல் ஏழாம் இடத்தது. அது கண்ணாடியையே கீறிவிடும். ஒரு கல்லின்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு துளியை விட்டால் நுரைத்துப் பொங்குகிறதா? அது சுண்ணாம்புக்கல்லாக இருக்கலாம். நாம் வேதியியலில் படித்த கார்பனேட் பாடம் இங்கே உதவுகிறது. பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்திற்குத் தேய்த்தால் அதன் ஊடே ஒளி செல்லும். சிறப்பு வகை நுண்ணோக்கியில் அதனை வைத்துப் பார்த்தால், கறுத்த கல்லும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்போல் தோன்றுமாம்.

வகுப்பறையோடு படிப்பு முடிவதில்லை. சுத்தியல், திசைகாட்டி, கைலென்ஸ், குறிப்பேடு ஆகியவற்றோடு மாணவர்கள் களப்பயணம் செல்வர். பாறை எத்திசையில், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து, தாங்களே வரைபடம் வரைவர்.

இந்த அறிவியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர் டென்மார்க்கில் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ. கலையாத படிவு அடுக்குகளில் கீழே இருப்பதே முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்று 1669ஆம் ஆண்டில் எழுதினார். வீட்டில் அடுக்கி வைத்த பழைய செய்தித்தாள்களை நினைத்தால் இது எளிதில் விளங்கும். இவர் பின்னர் குருவாகி, ஆயராகவும் பணியாற்றினார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார்.

நம் மாநிலமே ஒரு பாடநூல்

நிலவியல் படிக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. சென்னையில் புனித தோமையார் மலை என்னும் பரங்கிமலைக்குச் செல்லாதவர் நம்மில் சிலரே. அம்மலையின் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாயிருந்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை கொல்கத்தாவில் புனித யோவான் ஆலய வளாகத்தில் உள்ளது. அக்கல்லறைக் கல்லும் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையும் ஒரே வகை எனக் கண்ட தாமஸ் ஹாலண்டு, 1893இல் அப்பாறைக்கு அப்பெயரைச் சூட்டினார். அது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. செபமாலை சொல்லிக்கொண்டு படியேறும்போது எத்துணைப் பழமையின்மீது கால் வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்!

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். அதனை 1940இல் கண்டறிந்து கூறியவர் எம்.எஸ்.கிருஷ்ணன். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற இவர்தாம், 1851இல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கு இந்தியராகப் பிறந்த முதல் இயக்குநர். அரியலூர்ப் பகுதியில் சங்கு, கிளிஞ்சல் போன்ற கடல் உயிரிகளின் படிவங்கள் வயல்வெளியிலேயே கிடைக்கின்றன. இன்று கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கும் அந்த நிலம் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது என்பதற்கு அவை சாட்சி. அங்குள்ள சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டாகி நம் வீடுகளுக்கு வருகிறது.

இதனால் யாருக்கு என்ன பயன்?

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறையாகும். அங்கே பாறையின் வெடிப்புகளிலும், மேலே மக்கிய பகுதியிலும்தான் நீர் தங்கும். ஓரிடத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறு பொங்கி வர, பத்தடி தள்ளிப் போட்டது புழுதி கக்குவது இதனால்தான். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர் பேச்சை நம்பி, நகையை அடகு வைத்துக் கிணறு தோண்டி ஏமாந்த குடும்பங்கள் எத்தனை! நிலவியலார் நிலத்தில் நான்கு இரும்புக் கம்பிகளை வரிசையாக நடுகிறார்கள். வெளிப்புறம் உள்ள இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உட்புறம் உள்ள இரண்டிற்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். ஈரமான மக்கிய பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தும். உலர்ந்த பாறை தடுக்கும். நாம் படித்த ஓம் விதிதான் இது. இம்முறையும் நூற்றுக்கு நூறு உறுதி தருவதில்லை. ஆனால் காரணம் கூறி நிற்கிறது. தேங்காயால் காரணம் கூற இயலாது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நீர் மிகுந்த அழுத்தத்துடன் இருக்கிறது. அதனை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை செய்ய முடியும். 1956இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் நடைபெற நிலத்தடி நீரை அறிந்தோர் தேவைப்பட்டனர்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். சுமத்ரா அருகே கடலடியில் நேர்ந்த நில அதிர்ச்சியால் எழுந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் முதல் குமரி வரை எத்தனையோ உயிர்களைக் கொண்டு சென்றது. அதிர்ச்சி நேர்ந்த பின் அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேல் ஆயிற்று. எச்சரிக்கை கிடைத்திருந்தால் எத்தனை குழந்தைகள் பிழைத்திருப்பார்கள்! அதன் பின்னரே 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. பூமியை அறிவது உயிர் காக்கும் பணி என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பெண்களுக்கு ஏற்றதா?

இதுவே பெற்றோர் கேட்கும் கேள்வி. "வெயிலில் சுத்தியலோடு மலை ஏறுவது பெண்பிள்ளைக்குச் சரிப்படுமா?" என்று கேட்கிறார்கள். அக்கறையால் எழும் இக்கேள்விக்கு மூன்று பெண்மணிகளின் வாழ்வே விடை கூறட்டும்.

டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன், நியூசிலாந்தில் நேர்ந்த ஒரு நில அதிர்ச்சியின் அலைப் பதிவுகளை ஆராய்ந்து, பூமியின் நடுவில் உட்கருவம் உண்டு என்பதை 1936இல் வெளியிட்டார். அமெரிக்காவின் மேரி தார்ப், பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற விடப்படவில்லை. ஆண்கள் அளந்து வந்த கடலாழ எண்களைக் கொண்டு 1952இல் மேசையில் அமர்ந்தே அட்லாண்டிக் கடலடி மலைத்தொடரின் நடுவே ஒரு பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டார். உடன் பணியாற்றியவர் முதலில் அதனைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினார். நில அதிர்ச்சி நேர்ந்த இடங்களைக் குறித்துப் பார்த்தபோது அவை அந்தப் பிளவோடு பொருந்தின! கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஏற்க அவ்வரைபடம் பெரிதும் துணைசெய்தது. நம் நாட்டின் சுதீப்தா சென்குப்தா, 1983இல் அண்டார்க்டிகா சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்ற நிலவியலார். அதித்தி பந்த் அம்மையாரும் இவரும்தாம் அங்கே கால்பதித்த முதல் இந்தியப் பெண்கள். பனிப் பாலையில் பாறையை ஆராய்ந்தவர் ஒரு பெண் என்றால், சேலத்து வெயில் நமக்கு எம்மாத்திரம்?

தடைகள் இல்லாமல் இல்லை. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்களைப் பணியமர்த்தத் தடை விதித்திருந்தது. தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கு 2019இல்தான் மத்திய அரசு கதவைத் திறந்தது. கதவு திறந்த பின்னும் நுழைய ஆள் வேண்டுமன்றோ?

எங்கே படிக்கலாம்? பிறகு என்ன வேலை?

சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி, சேலம் அரசுக் கலைக் கல்லூரி ஆகியவை நிலவியலுக்குப் பெயர் பெற்றவை. கரக்பூர், ரூர்க்கி, தன்பாத் ஆகிய இடங்களில் உள்ள ஐ.ஐ.டி.களில் ஜே.இ.இ. தேர்வெழுதிச் சேரலாம். இவற்றுள் தன்பாத் நிறுவனம் 1926இல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கி, 2016இல் ஐ.ஐ.டி. ஆயிற்று. மேல்நிலை வகுப்பில் அறிவியல் குரூப் எடுப்பது இப்படிப்புக்குப் பாதுகாப்பான வழி. எந்தப் பாடங்கள் தேவை என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுவதால், குரூப் எடுக்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பி.எஸ்ஸி. மட்டும் முடித்தால் வாய்ப்புகள் குறைவு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை, மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆகியவற்றின் அதிகாரிப் பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வை எழுத முதுநிலைப் பட்டம் வேண்டும். ஆகவே ஐந்து ஆண்டுகள் என்று கணக்கிட்டுக் கொள்வதே முறை. மாநில அரசுப் பணிகளுக்குத் தமிழ்நாடு தேர்வாணையமும் தேர்வு நடத்துகிறது. சிமெண்டு, சுரங்கம், எண்ணெய் நிறுவனங்களிலும், அணை, சுரங்கப்பாதை கட்டும் இடங்களிலும் வேலை உண்டு. வேலை வெளியூரில், வெளிமாநிலத்தில் கிடைக்கலாம். வெளியே அலைய விரும்பாதவர்களுக்கு ஆய்வகமும், கணிப்பொறி வரைபடப் பணியும் இருக்கின்றன.

முடிவுரை

எல்லோரும் நிலவியல் படிக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. கல்லைக் கண்டால் குனிந்து எடுத்துப் பார்க்கும் ஒருத்தி ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறாள். அவள் கேள்விப்படாத ஒரே காரணத்தால் இந்தப் படிப்பு அவளுக்குக் கிட்டாமல் போகக்கூடாது என்பதே எங்கள் கவலை. அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள்: அறிவியல் கண்காட்சியில் நம் ஊர்க் கற்களுக்கும் ஒரு மேசை தாருங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: மகள் "ஜியாலஜி" என்று சொன்னால், "அது எதற்கு?" என்று உடனே கேட்காமல், "அது என்ன, சொல்லு" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் செவிசாய்த்தால் போதும். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.