தடியும் கொப்பியும் இருந்தால் தொடங்கலாம்

பௌதிகவியல், வானியல், இலத்திரனியல் மூன்றிலும் ஆசை, எங்கே தொடங்குவது என்று களுபோவிலப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்த மூன்றையும் ஆயுள் முழுக்க விட்டுவிட முடியாதவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் ஒன்றும் வாங்க வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு மீற்றர் தடியை நிமிர்த்தி, தூக்குக்குண்டு பிடித்துச் சரிபாருங்கள். கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருக்கிறது. அதனால் புத்தாண்டுக்குச் சற்று முன், ஏப்ரல் 7 அளவில், பகல் 12.12க்குச் சூரியன் நேர் உச்சிக்கு வர, தடியின் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். செப்டம்பர் முதல் வாரத்தில் மறுபடியும் வரும். ஏன் சரியாக 12 மணிக்கு இல்லை? நமது மணிக்கூடு 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு வைத்தது. நாம் 80 பாகைக்குக் கிட்ட, மேற்கே இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிடம். கணக்கை நீங்களே போடுங்கள். மிஞ்சும் ஓரிரு நிமிடத்துக்குக் காரணம் பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சுச் சாய்வும்.

2. சூரியனை நேரே பார்க்காதீர்கள். கறுப்புக் கண்ணாடியோ எக்ஸ்ரே படமோ கண்ணைக் காப்பாற்றாது. கிரகண நாளில் மரநிழலைப் பாருங்கள், இலை இடுக்கு ஒவ்வொன்றும் நிலத்தில் ஒரு பிறை வரையும்.

3. அயல் கூரைகளில் ஒரே நிறுவனத்தின் டிஷ்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்பதைக் கவனியுங்கள். பூமியோடு சேர்ந்தே சுற்றும் செய்மதிகள் மூலம் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். பின்னர் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். அந்தச் செய்மதிகள் நிற்கும் உயரம் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர். மார்ச் நடுப்பகுதிக்குப் பின்னும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் கடக்கும். சூரியனின் வானொலி இரைச்சல் செய்மதியின் மெல்லிய சமிக்ஞையை அமுக்கிவிட, சில நிமிடம் படம் கலையும். வீட்டார் டிஷ் பழுது என்பார்கள். நீங்கள் நேரத்தைக் குறியுங்கள். அடுத்த நாளும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் கலையும். அந்த நேரத்தில் சூரியன் நிற்கும் திசைதான் செய்மதியின் திசை. மூன்று துறையும் ஒரே இடத்தில் சந்திக்கும் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

4. 9 வோல்ற் பற்றரியோடு பழகுங்கள். சுவரில் வரும் 230 வோல்ற் உயிரைக் குடிக்கும். பழைய கமெரா பிளாஷ், ரீவி இவற்றைத் திறக்கவே வேண்டாம். மின்னை நிறுத்திய பிறகும் கொள்ளளவிகளில் மின் தங்கியிருக்கும்.

5. நகர வெளிச்சம் என்று சலிக்காதீர்கள். கோள்கள் நமக்கு உச்சிக்குக் கிட்ட வருகின்றன. ஒரு சாதாரண இருகண் நோக்கியைச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு நிலவுகள் தெரியும். தை, மாசி இரவுகள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

6. திகதி, நேரம், முகில் எல்லாம் கொப்பியில் ஏறட்டும். பிழையான அளவையும் அழிக்காதீர்கள்.

7. கொழும்பு பல்கலைக்கழகத்துக்கு அருகே 1965இல் கட்டிய கோள்மண்டலம் இருக்கிறது. காட்சி நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.